கைப்பிடியில் சாய்ந்த கிலோக்கள்

டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸுக்கு நோயாளிகள் வைத்த பெயர் தராசு. முகத்துக்கு நேரே 'சிஸ்டர்' என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும், "தராசு வருது, தண்ணி பாட்டிலை ஒளிச்சு வை" என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்து உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். இருபத்திரண்டு வருடமாக அந்த வாசலில் இருக்கும் எடை மேடையில் ஏறாமல் ஓர் ஈ கூட உள்ளே போனதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

எடையில் என்ன அப்படிப் பிரமாதம் என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு ஒண்ணுக்கு வராது. குடித்த தண்ணீர் போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்தால் அது உறிஞ்சி எடுக்கும். ஆனால் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. தண்ணீர் சேராத உடம்பு அறுபது கிலோ, இன்றைக்கு மேடை அறுபத்திரண்டு காட்டுகிறது என்றால் இரண்டு கிலோ தண்ணீர் என்று கணக்கு. நர்ஸ் இரண்டு என்று அமுக்குவாள், இயந்திரம் இரண்டை எடுக்கும். அதற்கு மேல் நாலு கிலோ, ஐந்து கிலோ என்று ஏற்றிக்கொண்டு வந்தால் இதயம் தள்ளாடிவிடும். அதனால் அளவாகக் குடி என்பார்கள். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறவனிடம் அதைச் சொல்வது எவ்வளவு சுலபம்!

அந்தப் பிரிவில் பன்னிரண்டு கட்டில். ஏழாவது கட்டில் தராசின் சொந்த அண்ணனுடையது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். தங்கைக்கு நாற்பத்தாறு வயதாகியும் அவர் வாயில் இன்னும் 'பாப்பா'தான். பன்னிரண்டு கட்டிலுக்கும் சிம்ம சொப்பனமாக இருக்கிறவளை ஏழாவது கட்டிலில் இருந்து ஒருவர், "பாப்பா, இந்த ஃபேனைக் கொஞ்சம் திருப்பேன்" என்று கூப்பிட்டால் மற்ற பதினோரு பேரும் போர்வைக்குள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அண்ணி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று முன்வந்திருந்தாள். ரத்தமும் மற்றதும் பொருந்திவிட்டன. இடையில் நின்றது இதயம் ஒன்றுதான். இதய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி ஏறி ஏறி இதயம் வீங்கிப் போயிருக்கு. இப்படியே மயக்க மருந்து குடுத்தா மேஜையிலயே போயிடுவாரு. மூணு மாசம் எடை ரெண்டு கிலோவுக்குள்ள நிக்கட்டும், இதயம் கொஞ்சம் சுருங்கட்டும். அப்புறம் தேதி குடுக்கறேன்."

மூன்று மாதம். அவ்வளவுதான் அண்ணனுக்கும் உயிருக்கும் நடுவில். தராசு இதைக் கேட்டுப் பயப்படவில்லை. சவால் என்று எடுத்துக்கொண்டாள். அவள் சுபாவம் அப்படி.

முதலில் வாயால் ஆரம்பித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி, வீங்கிய காலும் திணறும் மூச்சுமாய்ப் பயமுறுத்துகிற படங்கள் சுவரில் நாலு. நோயாளிகள் தலையை ஆட்டினார்கள். வீட்டுக்குப் போய்க் குடித்தார்கள். திட்டு வாங்கிய அன்றைக்குத் தொண்டை இன்னும் கொஞ்சம் கூடவே காய்கிறது என்று கணக்கு வாத்தியார் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். மூன்றாவது கட்டில் அவருடையது. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் டியூஷன் எடுக்கிறவர். எதற்கும் ஒரு சூத்திரம் வைத்திருப்பார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. எடை மேடைக்கு எதிரே ஒரு பெரிய வெள்ளைப் பலகை மாட்டினாள். பன்னிரண்டு கட்டில் எண்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே இந்த முறை எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்பது. இரண்டுக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. மாதம் முழுக்கப் பச்சையாக இருப்பவருக்கு ஜன்னலோரக் கட்டில், கூடவே எல்லோருடைய கைதட்டலும்.

என்னமாய் வேலை செய்தது! முதல் வாரம் பலகை ரத்தக் களரி. இரண்டாம் வாரம் ஆங்காங்கே பச்சை துளிர்த்தது. ஐந்தாம் வாரம் ஒரே ஒரு சிவப்புகூட இல்லை. அண்ணன் ஒன்று புள்ளி ஆறு, ஒன்று புள்ளி நாலு என்று முன்வரிசையில் நின்றார். பெரிய டாக்டர் கீழே இறங்கி வந்து பலகையைப் பார்த்தார், அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்ற ஆஸ்பத்திரிகளில் இருந்து எட்டுப் பேரை வரவழைக்கிறேன், இதை எப்படிச் செய்தாய் என்று நீயே விளக்க வேண்டும் என்றார். அன்றைக்குத் தராசுக்குக் கால் தரையில் பாவவில்லை. மதியம் சாப்பாட்டு அறையில், "மனுசங்களை மாத்தவே முடியாதுன்னு யார் சொன்னா? மாத்தத் தெரியணும், அவ்வளவுதான்" என்று கையை விரித்து இரண்டு தடவை சொன்னாள். கேட்டவர்களுக்கு ஒரு தடவையே போதும் என்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அண்ணி போன் செய்தாள்.

"உங்க அண்ணனுக்கு மூச்சு வாங்குது. படுக்க முடியல, உக்கார முடியல. வாயில நுரை மாதிரி என்னமோ... நீ சீக்கிரம் வாயேன்!"

அவள் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்துவிட்டது. நுரையீரல் முழுக்கத் தண்ணீர். அவசர டயாலிசிஸ் போட்டு உறிஞ்ச உறிஞ்சத்தான் நீலம் பாரித்த உதடு மெல்ல நிறத்துக்கு வந்தது. அங்கே எடை பார்க்கும் கட்டில் உண்டு. அதில் பார்த்த எண்ணை அங்கிருந்த டாக்டர் அவளிடம் காட்டினார். தண்ணீர் இல்லாத எடைக்கு மேல் ஐந்து கிலோ.

"வெள்ளிக்கிழமை உங்க இடத்துல டயாலிசிஸ் முடிச்சு அனுப்பறப்போ சரியா இருந்தாருன்னு எழுதியிருக்கீங்க. ஒன்றரை நாள்ல அஞ்சு கிலோவா? என்ன சிஸ்டர், ஆத்துத் தண்ணி பூராவுமா குடிச்சாரு?"

அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவள் கையெழுத்துதான். அவள் எடை மேடைதான்.

திங்கள்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக எடை மேடையைப் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டாள். அவர் இருபது கிலோ இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாய் ஏற்றிப் பார்த்தார். இருபது, நாற்பது, அறுபது. நூலிழை பிசகவில்லை. "மெஷின் தங்கம் மாதிரி இருக்கு" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்படியானால் எங்கே தப்பு? ராத்திரி தூங்காத கண்ணோடு அவளே மேடையில் ஏறி நின்றாள். அறுபத்தெட்டு. தலை லேசாகச் சுற்றியது. பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்று இருந்தது. டயாலிசிஸ் முடிந்து இறங்குகிறவர்கள் தள்ளாடி விழாமல் இருக்கவென்று அவளே சண்டை போட்டு வாங்கி மாட்டிய கம்பி. அதில் கையை அழுத்தி ஊன்றினாள். எண் அறுபத்தாறுக்கு இறங்கியது.

கையை எடுத்தாள். அறுபத்தெட்டு. முழங்கையை வைத்தாள். அறுபத்தேழு. விரலை வைத்தாள். அங்கேயே நின்று கம்பியைக் குனிந்து பார்த்தாள். புதிதில் பூசிய வண்ணம் ஒரே ஓர் இடத்தில், முழங்கை படுகிற உயரத்தில், வெள்ளிபோல் தேய்ந்து பளபளத்தது. ஒருவர் சாய்ந்து அவ்வளவு தேயாது.

குட்டு உடைந்த அந்த நிமிடத்தில் அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூன்றாவது கட்டிலுக்கு நேரே போய் நின்றாள்.

"வாத்தியாரே, அந்தக் கம்பியில சாயறது எத்தனை நாளா நடக்குது?"

வாத்தியார் முதலில் மென்று விழுங்கினார். பிறகு மனதைத் திறந்துவிட்டார். திறந்தவர் பாடமே நடத்திவிட்டார்.

"பலகை மாட்டின ரெண்டாவது வாரத்துலேருந்து சிஸ்டர். சுண்டு விரல்னா நூறு கிராம், உள்ளங்கைன்னா அரைக்கிலோ, முழங்கைன்னா ஒரு கிலோ. நான்தான் கணக்குப் போட்டு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். யாரும் உங்களை ஏமாத்தணும்னு நினைக்கல. சிவப்புல எழுதறப்போ எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க பாருங்க, அது தாங்கல."

விஷயம் வெட்டவெளிச்சம்தான். வரும்போது சாய்ந்தால் எடை குறைவு, பலகையில் பச்சை. இயந்திரத்துக்குப் போகும் எண்ணும் அதே எண்தான், அதனால் அது குறைவாகத்தான் உறிஞ்சும். முடிந்து போகும்போது மறுபடி சாய்ந்தால் எல்லாம் சரியாக எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். முறைக்கு அரைக்கிலோ முக்கால் கிலோ என்று உடம்பில் தங்கித் தங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை நுரையீரலுக்குள் ஏறும்.

அண்ணனிடம் போனாள். அவர் ஆக்ஸிஜன் குழாயோடு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன்ணா? மத்தவங்க போகட்டும். நீ ஏன் சாஞ்ச?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "ஊரெல்லாம் உன் பலகையைப் பத்திப் பேசுது. ஏழாம் நம்பர் கட்டில்ல சிவப்பு விழுந்தா, சொந்த அண்ணனையே திருத்த முடியலன்னு உன்னைத்தானே சொல்லுவாங்க பாப்பா?"

கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தன் பெருமைக்காக அண்ணனைக் கொல்லப் பார்த்தோமே என்று இருந்தது. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். இதய டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: மூன்று மாதம் மறுபடி முதலில் இருந்து. இதயம் இன்னொரு முறை இந்த மாதிரி மூழ்கினால் ஆபரேஷன் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

புதன்கிழமை எட்டு விருந்தாளிகளும் வந்தார்கள். பெரிய டாக்டர் சட்டையில் மடிப்புக் கலையாமல் முன்னால் நின்றார். பலகை துடைத்து வெறுமையாக இருந்தது.

"இங்க ஒரு பலகை இருந்துச்சு" என்று தராசு ஆரம்பித்தாள். "அது யாரையும் தண்ணியைக் குறைக்க வைக்கல. கைப்பிடியில சாயறதுக்குக் கத்துக் குடுத்துச்சு. அஞ்சு வாரம் இதைப் பாத்து நான் பூரிச்சுப் போயிருந்தேன். போன ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் சாகக் கிடந்தாரு. உங்க ஆஸ்பத்திரியில இப்படி ஒண்ணு மாட்டியிருந்தா இன்னைக்கே போய்க் கழட்டுங்க. எண்ணை எழுதிப் போட்டு மானத்தை வாங்கினா எண்ணுதான் மாறும், ஆளு மாற மாட்டான்."

பெரிய டாக்டரின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. விருந்தாளிகளில் ஒரு பெண் மட்டும் மெல்லக் கையைத் தூக்கி, "எங்க எடை மேடையிலயும் கம்பி இருக்கு" என்றாள். மற்றவர்கள் எல்லாரும் அவசரமாகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார்கள்.

வெள்ளிக்கிழமையில் இருந்து அவள் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பிரிவில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஏன் குடிக்கிறீங்க என்று கேட்கவில்லை. அதைக் கேட்டால் சாமர்த்தியமாகப் பதில் சொல்வார்கள் என்று அனுபவம். எப்போது, எங்கே, எதில், கூட யார் என்று கேட்டாள். காலையில் கண் விழித்ததில் இருந்து ஒவ்வொரு வாயாக.

வாத்தியார் டியூஷன் மேஜை மேல் எப்போதும் ஒரு ஜாடி இருக்கும் என்றார். தாகத்துக்கு இல்லை, பையன்கள் கணக்குப் போட்டு முடிக்கும்வரை கைக்கு ஒரு வேலை. "அந்த ஜாடியைச் சமையலறையில வெச்சா?" என்றாள். வாத்தியார் யோசித்தார். "எந்திரிச்சுப் போகணுமே! என் சோம்பேறித்தனத்துக்கு நான் குடிக்கவே மாட்டேன்" என்றார். அதுவே அவருக்கு மருந்து என்று முடிவாயிற்று.

அண்ணன் பிழைத்து ஏழாவது கட்டிலுக்குத் திரும்பியதும் அவரிடமும் கேட்டாள்.

"காலையில எந்திரிச்சதும் மாத்திரை. அதுக்கு ஒரு டம்ளர் தண்ணி."

"ஒரு மாத்திரைக்கு ஒரு டம்ளரா?"

"ஆமா. ஒவ்வொண்ணுக்கும்."

"எத்தனை மாத்திரை போடுற?"

"ஒரு நாளைக்கு எட்டு."

அவள் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். ஒரு லிட்டருக்கு மேல். நாள் முழுக்க அவருக்கு அனுமதியே முக்கால் லிட்டர்தான்.

"யாருண்ணா உனக்கு அப்படிச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? அதான் எழுதியிருக்கே" என்று தலையணைக்கு அடியில் இருந்து மாத்திரை உறையை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரி மருந்தகத்தின் நீல நிற ரப்பர் முத்திரை பளிச்சென்று இருந்தது: ஒவ்வொரு மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கவும். "முப்பது வருஷம் போர்டு பாத்து வண்டி ஓட்டினவன் நான். எழுதி இருக்கிறதை மீற மாட்டேன். மாத்திரைக்குக் குடிக்கிறது கணக்குல வராதுன்னுல்ல நினைச்சேன்!"

தராசு அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குடிக்காதே குடிக்காதே என்று மேல்மாடியில் அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, கீழ்மாடியில் அதே ஆஸ்பத்திரி நாளைக்கு எட்டுத் தடவை குடி குடி என்று முத்திரை குத்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. பன்னிரண்டு பேருடைய உறைகளையும் வாங்கிப் பார்த்தாள். பன்னிரண்டிலும் அதே முத்திரை.

"அது பொது முத்திரை சிஸ்டர். எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் மருந்தகத்துக்காரர்.

"எல்லாருக்கும் ஒண்ணுக்குப் போகுதா?" என்று அவள் கேட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மறு வாரமே புது முத்திரை வந்தது: சாப்பாட்டின் நடுவில், ஒரே வாய்த் தண்ணீரில் எல்லாம் சேர்த்து.

கைப்பிடி மட்டும் பாக்கி. அதைக் கழற்றினால் யாராவது விழுவார்கள். விட்டுவைத்தால் சாய்வார்கள். பக்கத்தில் ஆள் நிறுத்தலாமா, கையைக் கட்டச் சொல்லலாமா என்று அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது ஏழாவது கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"பாப்பா, கம்பி சுவத்துல இருக்கிறதாலதானே வம்பு? அதைப் புடுங்கி மேடை மேலயே நட்டு வெல்டிங் வெச்சுட்டா? சாஞ்சா சாயட்டுமே. அந்தப் பாரமும் மேடை மேலதானே விழும்?"

அவள் அண்ணனை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். "அட! இது எனக்குத் தோணலையே!" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் இருந்து கேட்டதற்கே பன்னிரண்டு கட்டிலிலும் கைதட்டினார்கள். வெல்டர் வந்து அரை மணியில் வேலையை முடித்தார். அதற்கப்புறம் யார் எப்படிச் சாய்ந்தாலும், தொங்கினாலும், எடை எடையாகவே நின்றது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது அவள் வாய். எண்ணை இனி அவரவரே பார்த்து, அவரவர் நோட்டில் எழுதிக்கொள்வது. உள்ளதைச் சொன்னால் திட்டு கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டது அவள், முதலில் மீறப் பார்த்ததும் அவள். முதல் வாரம் வாத்தியார் கணீரென்று "மூணு புள்ளி நாலு" என்றார். அவளுக்கு நெஞ்சுக்குள் இருந்து ஒரு பிரசங்கமே கிளம்பி வந்தது. எடை பார்க்கும் நேரத்தில் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வது என்று வழக்கம் வைத்திருந்தாள். அதை நறுக்கென்று கடித்துக்கொண்டு, "சரி. நேத்து எங்க ஏறுச்சுன்னு சேர்ந்து பாக்கலாமா?" என்றாள். வாத்தியார் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லையா சிஸ்டர்?" என்று கேட்டார்.

வாரங்கள் போயின. எண்கள் குதிக்கவில்லை. கொஞ்சம் இறங்கும், ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் ஏறும், மறுபடி இறங்கும். பலகையின் ஐந்து வாரப் பளபளப்பு இதில் இல்லை. ஆனால் கால் வீக்கம் வற்றியது. இரவில் மூன்று தலையணை வைத்துப் படுத்த அண்ணன் ஒரு தலையணைக்கு வந்துவிட்டார் என்று அண்ணி சொன்னாள். தலையணை பொய் சொல்லாது என்று தராசுக்குத் தெரியும்.

பதின்மூன்றாவது வாரத்தின் கடைசி முறை, ஒரு திங்கட்கிழமை. அன்று மதியமே நோட்டோடு இதய டாக்டரிடம் போக வேண்டும். அண்ணன் மேடையில் ஏறினார். இரண்டு புள்ளி மூன்று.

அண்ணன் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். "சனிக்கிழமை பேரன் பொறந்த நாளு. கொஞ்சம் கூடத்தான் போச்சு" என்றார் தாழ்ந்த குரலில். பேனா தராசின் கையில் இருந்தது. இரண்டுக்குப் பதில் ஒன்று என்று எழுதினால் போதும். டாக்டருக்குத் தெரியப் போவதில்லை. அந்தப் பேனாவை அவள் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு அதை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"உன் நோட்டு. நீயே எழுது."

அவர் இரண்டு புள்ளி மூன்று என்று எழுதினார்.

இதய டாக்டர் முப்பத்தொன்பது எண்களையும் விரல் வைத்து ஒவ்வொன்றாய்ப் படித்தார். தராசு நின்றுகொண்டே இருந்தாள். அண்ணி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு தடவை ரெண்டைத் தாண்டியிருக்கு. கடைசியும் தாண்டித்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

"ஆமாங்க டாக்டர்" என்றாள் தராசு.

"போன தடவை உங்க பலகையில ஒரு சிவப்புகூட இல்ல. அந்த ஆளு தீவிர சிகிச்சையில கிடந்தாரு." அவர் புதுப் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். நன்றாக, நிதானமாகப் பார்த்தார். "இதயம் சுருங்கியிருக்கு. நோட்டுல இருக்கிற முப்பத்தினாலையும் நான் நம்பறேன். அந்த அஞ்சு இருக்கறதாலதான் நம்பறேன். அடுத்த மாசம் பத்தாம் தேதி வெச்சுக்கலாமா?"

அண்ணி அங்கேயே அழ ஆரம்பித்தாள். தராசு அழவில்லை. வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, நெஞ்சு நிமிர்ந்து, போகிறவர் வருகிறவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். பெருமை என்றால் அதுதான் பெருமை. இந்தத் தடவை அதில் ஒரு கிராம்கூட இரவல் இல்லை.

பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு அண்ணனையும் அண்ணியையும் உள்ளே கொண்டுபோனார்கள். தராசு அன்றைக்கு நர்ஸ் இல்லை, வெறும் தங்கை. மற்ற நோயாளிகளின் தங்கைகளோடும் தம்பிகளோடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மதியம் மூன்று மணிக்கு அவளுக்குக் கவுனும் முகமூடியும் கொடுத்து உள்ளே விட்டார்கள்.

அண்ணன் கண் மூடிப் படுத்திருந்தார். கட்டிலின் பக்கவாட்டில் ஒரு பை தொங்கியது. அவள் குனிந்து பார்த்தாள். இளமஞ்சளாக, தெளிவாக, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயில் இன்னும் நாலு சொட்டு இறங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரிடம் அதைக் குறை, இதைக் குறை என்று சொன்னவள், வாழ்க்கையில் முதல் தடவையாக, "இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அடுத்த தடுப்பில் இருந்து அண்ணியின் குரல் மெலிதாகக் கேட்டது.

"யாரு, நீயா? என்னோடது அங்க வேலை செய்யுதா?"

"ஓயாம வேலை செய்யுது அண்ணி! உங்க வாய் மாதிரியே!"

"சிரிக்க வைக்காதடி, தையல் வலிக்குது."

தராசுக்கு அதற்கு மேல் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கவுனோடும் முகமூடியோடும் வெளியே ஓடி வந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கினாள். டயாலிசிஸ் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பதினோரு தலைகள் ஒரே நேரத்தில் தலையணையில் இருந்து தூக்கிப் பார்த்தன. வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

மூச்சு வாங்கியபடி நடுவில் நின்று, அந்தப் பிரிவே அதிரக் கத்தினாள்.

"எங்கண்ணன் ஒண்ணுக்குப் போயிட்டாரு!"